பாங்கனும் பனியன் நகரமும்

அகத்திணை மரபில் தலைவனுக்குப் பெயர் இல்லை. ஆனால் பாங்கன் உண்டு. அவன் தலைவனின் காதலை அறிந்து முதலில் இடித்துரைப்பான். அதன் ஆழம் உணர்ந்தபின் துணைநிற்பான். இவ்வுறவு இன்றைய புதினத்தில் எவ்வாறு உருமாறியுள்ளது?

திருப்பூரைச் சேர்ந்த எம். கோபாலகிருஷ்ணன் 2004இல் வெளியிட்ட 'மணல் கடிகை' இதற்கு விடை தருகின்றது. இளமை நண்பர் ஐவர் பனியன் தொழில் சூழ்ந்த நகரில் வளர்வதும் தடுமாறுவதும் அதன் கதை. இங்கே காதலுக்குக் குறிஞ்சியின் தனிமை இல்லை. ஷிப்டு நேரமும் கூலிக் கணக்கும் உண்டு. பொருள்வயிற் பிரிந்த பழந்தலைவன் பாலையைக் கடந்தான். இவர்களோ ஓரூரில் இருந்துகொண்டே பொருளால் விலகுகின்றனர். வேட்கை எது, அன்பு எது என்பதும் எளிதில் விளங்குவதில்லை.

"இத்தகைய நூல்களை மாணவர் படிக்கலாமா?" எனப் பெரியோர் வினவுவர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் நம் மாணவர் பலர் அக்கம்பெனிகளின் நிழலிலேயே வளர்ந்தவர்கள். அவர்கள் அறியாத வாழ்வைப் புதினம் காட்டவில்லை. அறிந்த வாழ்வின் விளைவையே காட்டுகின்றது. இடித்துரைக்கும் தோழன் வாய்க்காதபோது அத்தகைய புதினமே பாங்கனாகின்றது என நாம் கருதுகின்றோம். விலக்கி வைப்பதினும், உடன் படித்து உரையாடுவதே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடனாகும்.