போடிநாயக்கனூர் புகைவண்டி நிலையம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர், ஏலக்காய் வாணிபத்தால் பெயர் பெற்றது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் வரும் இருப்புப்பாதை இவ்வூரில் முடிவடைகிறது. மலைத் தோட்டங்களின் விளைபொருள் சமவெளிக்கு வந்து சேரும் இடமாகையால், 1928-ஆம் ஆண்டில் மீட்டர் கேஜ் பாதையாக இது திறக்கப்பட்டபோது ஊரின் வாணிபத்திற்குப் பெருந்துணை வாய்த்தது.

எனினும், கிடைத்த வசதி இருமுறை கைநழுவிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களில்தான் பாதை மீண்டும் போடப்பட்டது. பின்னர் 2010-ஆம் ஆண்டின் இறுதியில், அகலப் பாதையாக மாற்றும் பொருட்டு வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடிக்கும் வண்டி திரும்பி வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் ஏலக்காய் விவசாயிகளும் ஆண்டிபட்டி வட்டார நெசவாளர்களும் சாலைப் போக்குவரத்தையே நம்பியிருக்க நேர்ந்தது.

ஆகவே, பாதை வந்துவிட்டதென்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. மக்கள் பயன்படுத்தும் பாதையே நிலைபெறும். பயணத்திற்கு இயன்றவரை வண்டியையே நாடுவோம். ஏலக்காய் மூட்டைகளும் துணிக் கட்டுகளும் செல்வதற்கேற்ற வசதிகளை, நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் ஒருமித்துத் தீர்மானம் நிறைவேற்றி, ரயில்வே அதிகாரிகளிடம் கோருவதே அங்கத்தினர்களாகிய நம் கடமையாகும்.