இரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் மோட்டார் சைக்கிள் பயணமும்

வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை உட்கொள்ளும் நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் பேரார்வம் உடையவராக இருக்கலாம். அதில் குறை காண்பதற்கில்லை. எனினும், பிறருக்குச் சிறு காயத்துடன் முடியும் விபத்து, உங்களுக்கு மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். கசிவு மெதுவாகவும் நிகழலாம். விழுந்தவுடன் நலமாகத் தோன்றியவருக்குச் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துத் தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் ஏற்படலாம். ஆகவே தலையில் அடிபட்டால், அறிகுறி இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். உட்கொள்ளும் மருந்தின் பெயரை உடனிருப்போர் அங்குத் தெரிவிக்க வேண்டும்.

வேகம் மணிக்கு 40 கி.மீ.யிலிருந்து 80 கி.மீ. ஆகும்போது மோதலின் ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது. தலைக்கவசம் ஆபத்தைப் பெரிதும் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

பயணத்திற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இரத்தம் உறைந்து பக்கவாதம் ஏற்படலாம். மலைப்பாதைப் பயணம் உங்களுக்கு ஏற்றதா என்பதை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.