மைசூரு சந்திப்பும் ஆங்கிலத்துச் 'சந்தி'யும்

பெங்களூரு, ஹாசன், சாமராஜநகர் பாதைகள் மூன்றும் கூடுவதால் மைசூரு ரயில் நிலையம் ஒரு 'சந்திப்பு'. இச்சொல்லுக்கு மூலமான 'சந்தி' ஆங்கில அகராதியிலும் இடம் பெற்றிருப்பதைப் பலர் அறியார்.

'சம்' என்றால் ஒன்றாக. 'தா' என்றால் வைத்தல். இரு சொற்கள் சேருமிடத்தில் ஒலி மாறுவதைச் சம்ஸ்கிருத இலக்கணம் 'சந்தி' என்றது. அந்த இலக்கணத்தைக் கற்ற ஐரோப்பிய அறிஞர்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டனர். சாதாரண ஆங்கிலேயருக்கு இது பழக்கமில்லாத சொல். மொழியியலாருக்கோ அன்றாடச் சொல். சீனர் 'நீ ஹாவ்' என்று வணக்கம் கூறும்போது முதல் சொல்லின் தொனி மாறுவதையும் அவர்கள் சந்தி என்றே குறிக்கிறார்கள்.

நம் தொல்காப்பியம் இதைப் 'புணர்ச்சி' என்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். இயற்றச் செய்தவன் சீயகங்கன். கோலாரையும், மைசூருக்கு அருகிலுள்ள தலக்காட்டையும் தலைநகராகக் கொண்டு ஆண்ட கங்கர் வழியினன். அதே நூற்றாண்டில் கேசிராஜர் 'சப்தமணிதர்ப்பணம்' என்ற கன்னட இலக்கணம் எழுதினார். இருவரும் சமணர்.

நன்னூல் கூறும் விகாரங்கள் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். கன்னடச் சந்திகளும் மூன்று: ஆகமம், ஆதேசம், லோபம். பெயர்கள்தாம் வேறு. நாம் 'மனை'யுடன் 'ஐ' சேர்த்து 'மனையை' என்கிறோம். கன்னடர் 'மனெ'யுடன் 'அன்னு' சேர்த்து 'மனெயன்னு' என்கின்றனர். இரண்டிலும் தோன்றுவது அதே யகரம்.

சில இடங்களில் வழி பிரியும். 'மழை'யும் 'காலமும்' சேர்ந்தால் நமக்கு 'மழைக்காலம்'; நடுவில் ஒரு 'க்' தோன்றுகிறது. கன்னடத்தில் 'மளெ'யும் 'கால'வும் சேரும்போது புது எழுத்து வருவதில்லை. உள்ள ககரமே, 'தங்கம்' என்ற சொல்லில் ஒலிப்பதுபோல் மெலிந்துவிடுகிறது. நமக்குத் தோன்றல், அவர்களுக்கு ஆதேசம்.

கன்னடத் தேர்வு எழுதும் தமிழ் குமாஸ்தாக்களுக்கு இந்த ஒப்புமை கைகொடுக்கும். அதைவிடப் பெரிய பயன் வீட்டில் உண்டு. 'லோப, ஆகம, ஆதேச' என்று பிள்ளை உருப்போடும்போது, நமக்குத் தெரியாத பாடம் என்று தமிழ்ப் பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்க வேண்டியதில்லை. பக்கத்தில் அமர்ந்து 'மளெகால'வுக்கு எதிரே 'மழைக்காலம்' என்று எழுதிக் காட்டினால் போதும். பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளைக்கு அதுவே முதல் தமிழ்ப் பாடம்.