கருப்பு எத்தனை என்று கேளுங்கள்

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகள் கருப்பு வெள்ளைப் படம் எடுக்க ஆசைப்படுகிறாள். 60 மெகாபிக்சல் கேமரா வாங்கினால்தான் எடுபடும் என்கிறார் கடைக்காரர். வீட்டு கலர் பிரிண்டரில் அடித்த படமோ ஜன்னலோரம் பச்சையாகவும், ராத்திரி மஞ்சள் பல்பில் செம்மையாகவும் தெரிகிறது. கேமராவை மாற்றுவதா, பிரிண்டரையா?"

பிரிண்டரைத்தான். கேமரா விவகாரத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் போதும். அதற்கு மேல் சாதாரணக் கண்ணுக்குப் பிரித்தறியத் தெரியாது. 12-க்கு 8 அங்குலப் படம் என்றால் 3600-ஐ 2400-ஆல் பெருக்குங்கள்: 86 லட்சம் பிக்சல், ஒன்பது மெகாபிக்சல்கூட இல்லை. 13-க்கு 19 அங்குலம் என்ற பெரிய தாளே 22 மெகாபிக்சலோடு நின்றுவிடுகிறது. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் 24 மெகாபிக்சல் கேமரா தாராளம். பாக்கி 36 மெகாபிக்சலால் லாபம் ஹார்ட் டிஸ்க் விற்பவருக்கு.

கருப்பு வெள்ளைக்கென்றே தனிக் கேமராவும் உண்டு. சாதாரண சென்சாரில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு வண்ண ஃபில்டர் இருக்கும்: நாலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒரு பிக்சல் அளப்பது ஒரே நிறத்தை. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்தைப் பார்த்துப் போடும் கணக்கு. நீங்கள் பார்க்கும் கலர் படத்தின் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அனுமானம்தான். இந்த ஃபில்டரையே எடுத்துவிட்டு லைக்கா 2012-இல் ஒரு மோனோக்ரோம் கேமரா விட்டது. பென்டாக்ஸ் 2023-இல் விட்டது. வெளிச்சம் வீணாகாது, கூர்மை கூடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கலர் கேமராவில் ரா ஃபைலாக எடுத்துவிட்டால், நீலத்தை அமுக்கி வானத்தைக் கறுக்கவைக்கும் வேலையை வீட்டுக்கு வந்து சாவகாசமாகச் செய்யலாம். மோனோக்ரோமில் அதற்கு எடுக்கும்போதே லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டியிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் பெண்ணுக்குக் கலர் கேமராவே நல்லது, அப்பாவின் பர்ஸுக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பிரிண்டரிடம் இருப்பது கருப்பு மை, தாள் வெள்ளை. நடுவில் உள்ள சாம்பல் எங்கிருந்து வருகிறது? பிரிண்டரால் மையை "கொஞ்சமாகக் கருப்பாக" வைக்க முடியாது. ஓர் இடத்தில் சொட்டு விழும், அல்லது விழாது.

ஒரு டீக்கடை. பத்து ரூபாய்த் தாள் மட்டுமே செல்லும். சில்லறை என்ற பேச்சே கிடையாது. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் மூன்று ரூபாய்க்குத் தின்கிறார்கள். முதல் ஆளின் பாக்கி மூன்று. பாதிக்குக் கீழே என்பதால் கடைக்காரர் "போங்க" என்று விட்டுவிடுகிறார். ஆனால் நஷ்டக் கணக்கு எழுதுவதில்லை. அந்த மூன்று ரூபாயைப் பதினாறு பங்காக்கி, ஏழு பங்கைப் பக்கத்து ஆள் தலையிலும், மீதி ஒன்பதைப் பின்வரிசையில் நிற்கும் மூவர் தலையிலும் கட்டுகிறார். பக்கத்து ஆளின் பாக்கி இப்போது 4.3. இன்னும் ஐந்தாகவில்லை, அவரும் போகலாம். மூன்றாம் ஆளுக்கு 4.9, தப்பித்தார். நாலாம் ஆளுக்கு 5.1, பிடி, எடு பத்து ரூபாயை! அவர் கூடுதலாகக் கொடுத்த 4.9 ரூபாய் அதே பங்கு விகிதத்தில் அடுத்தவர்களுக்கு வரவாகப் போகிறது. கடை மூடும்போது பார்த்தால், பத்துப் பேருக்கு ஏறக்குறைய மூன்று பேர் தாளை நீட்டியிருப்பார்கள். கல்லாவில் கணக்கு சரி, அநியாயம் தனி ஆளுக்கு மட்டும்.

தாள் நீட்டியவர் இருக்கும் இடத்தில் கருப்புச் சொட்டு, மற்ற இடத்தில் வெற்றுத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் 30 சதவீதச் சாம்பல். ராபர்ட் ஃப்ளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பர்க்கும் 1976-இல் வெளியிட்ட கணக்கு இது. இன்றைய பிரிண்டர்கள் இதைவிடச் சாமர்த்தியமாகப் பாக்கியைப் பங்கு போடுகின்றன, கொள்கை மாறவில்லை. பெட்டியில் 5760-க்கு 1440 டிபிஐ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது சொட்டு விழக்கூடிய இடங்களின் எண்ணிக்கை. படத்தின் நுணுக்கம் அல்ல. அத்தனை இடமும் இந்தப் பற்றுவரவுக்கே செலவாகிறது.

முப்பது சதவீதத்தில் நன்றாக ஓடும் கடை, வெள்ளை வேட்டியின் மடிப்பில் திணறும். அங்கே ஒவ்வொருவரும் முப்பது காசுக்குத்தான் தின்கிறார்கள். முப்பத்து மூன்று பேரில் ஒருவர் பத்து ரூபாய் கட்ட வேண்டும். வெள்ளைப் பரப்பில் தன்னந்தனியாக நிற்கும் அந்தக் கரும்புள்ளியைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். வேட்டியில் மணல் கொட்டியதுபோல் இருக்கும். சொட்டைச் சின்னதாக்குவது ஒரு வழி. சில பிரிண்டர்களின் மிகச் சிறிய சொட்டு 1.5 பிக்கோலிட்டர், விட்டம் சுமார் 14 மைக்ரான், தலைமுடித் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் முழுக் கருப்பு என்றால் மென்மையான பரப்பில் முழுக்க மறைவதில்லை.

சில்லறையை அச்சடித்துவிட்டால்? அதுதான் சாம்பல் மை. ஒரே கருப்பை நீர்க்கச் செய்து ஐந்து ரூபாயாகவும் ஒரு ரூபாயாகவும் கார்ட்ரிட்ஜில் ஊற்றுவது. 2005-இல் எப்ஸான் ஒரே படத்தில் மூன்று அடர்த்தியில் கருப்பு இறங்கும் மைத்தொகுதியை வெளியிட்டது, வேட்டி வெள்ளையாயிற்று.

உங்கள் வீட்டு பிரிண்டர் அதையா செய்கிறது? சில்லறை இல்லாததால் அது வெளிநாட்டு நாணயத்தில் இறங்கிவிட்டது. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் என்று கணக்குக் காட்டுகிறது. நாணய மாற்று விகிதமோ விளக்குக்கு விளக்கு மாறும். இந்த மைகள் ஒவ்வொன்றும் நிறமாலையின் ஒரு பகுதியை மட்டும் விழுங்குபவை. பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் தாராளம். மஞ்சள் பல்பில் சிவப்பு அதிகம், நீலம் பஞ்சம். ஒரு விளக்கில் சமமாக நின்ற தராசு இன்னொன்றில் சாயும். பச்சையும் செம்மையும் வந்த வழி இதுதான். கரித்தூள் நிறமி மட்டும் எல்லா அலைநீளத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விழுங்குவதால், எந்த ஊரிலும் ஒரே விலைக்குப் போகும். நீர்த்தால் லேசாகப் பழுப்படிக்கும். அதைச் சரிக்கட்ட ஒரு துளி சயானும் மெஜந்தாவும் சேர்ப்பார்கள்.

வரலாறு இல்லாமல் அனுப்பினால் ஆசிரியர் திருப்பி அனுப்புவார், ஆகவே ஒரு பத்தி. 1977-இல் கேனான் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரப்பிய சிரிஞ்சில் பட, மை பீச்சியதாம். வெப்ப இங்க்ஜெட் பிறந்த கதை இது. எப்ஸான் பக்கம் மின்னழுத்தத்தில் நெளியும் பீசோ தகடு மையைத் தள்ளுகிறது. எது உசத்தி என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஆர்வம் வருவது கோடாக்கின் பிரைஸ் பேயர்மீது. கேமராவில் இருக்கும் அந்தப் பச்சை, சிவப்பு, நீலக் கட்டம் 1976-இல் அவர் காப்புரிமை பெற்றது. அதற்கு மூன்றாண்டு முன்பே, கருப்பு, வெள்ளை என்ற இரண்டை மட்டும் வைத்துச் சாம்பலைக் காட்ட இன்னொரு கட்டக் கணக்கையும் அவர் எழுதியிருந்தார். படம் நுழையும் வாசலிலும் வெளியேறும் வாசலிலும் ஒரே மனிதர்!

ஆக, கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கலர்?" அல்ல. ஆறு கலர் என்று விற்கும் சில டேங்க் பிரிண்டர்களில் கூடுதல் இரண்டும் வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும்தான். கலர் படத்துக்கு அருமை, உங்கள் குறைக்கு மருந்தல்ல. "கருப்பு, சாம்பல் எத்தனை?" என்று கேளுங்கள். இதிலும் ஒரு தந்திரம் உண்டு: பளபளத் தாளுக்கொரு கருப்பு, மேட் தாளுக்கொரு கருப்பு என்று இரண்டு இருக்கும், ஒரு படத்துக்கு உதவுவது ஒன்றுதான். கேனானின் ஜி570 போன்ற டேங்க் பிரிண்டரிலேயே ஒரு சாம்பல் மை வருகிறது. தொடங்க அது போதும். சுவரில் மாட்டிப் பல ஆண்டு நிற்க வேண்டுமானால் சாய மை வேண்டாம், நிறமி மை. சாயம் வெளிச்சத்திலும் காற்றிலுள்ள ஓசோனிலும் வெளுக்கும். ஆனால் நிறமி பிரிண்டரை வாரம் ஒரு முறையாவது ஓட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். அடைப்பைச் சுத்தம் செய்தே பாதி மை காலியாகும். மாதத்துக்கு ஒன்றிரண்டு படம்தான் என்றால் வாங்கவே வேண்டாம், நல்ல லேபில் கொடுத்து அடியுங்கள்.

வாங்குவதென்றால் வெள்ளையிலிருந்து கருப்பு வரை படிப்படியாகப் போகும் ஒரு சாம்பல் பட்டையை பென் டிரைவில் கொண்டுபோய், உங்கள் கண் முன்னாலேயே அடித்துத் தரச் சொல்லுங்கள். தாளைக் கடை வாசலில் வெயிலில் ஒரு முறை, உள்ளே விளக்கடியில் ஒரு முறை பாருங்கள். நிறம் மாறினால், அல்லது அடித்துக் காட்டவே மறுத்தால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.