தவளையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

எஸ்பிஎம் முடிவு வந்தால் போதும், எங்கள் வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் பெற்றோருக்கு ஒரே கவலை: "பிள்ளை உயிரியல் படிக்கணுமாம், ஆனா டாக்டருக்கு வேணாமாம்!"

அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் பேராசிரியர் இந்திரநீல் தாஸ். இந்தியாவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபர்டில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? தென்னிந்தியத் தவளைகள் என்ன தின்கின்றன என்று! புருணை, ஹார்வர்டு ஆய்வுகளுக்குப் பிறகு சரவாக்கில், யுனிமாஸில் பேராசிரியரானார்.

போர்னியோ வானவில் தேரை கடைசியாக 1924-இல் தென்பட்டது. புகைப்படம்கூட இல்லை, பழைய கறுப்பு வெள்ளை ஓவியம்தான். 2010-இல் தாஸ் குழு தேடத் தொடங்கியது. பல மாதங்கள், இரவு இரவாக மலைக்காட்டில் அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் உயரமான பகுதிக்கு ஏறினார்கள். ஓர் இரவு, மரத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்தது, பச்சையும் சிவப்புமாக!

முதலில் பார்த்தவர் பேராசிரியர் அல்ல, அவருடைய ஆராய்ச்சி மாணவர். (இந்த இடத்தை நான் அழுத்தித்தான் சொல்வேன்.) 2011-இல் செய்தி உலகமெங்கும் போனது. பெனரிசன் மலைத்தொடர் என்று சொன்னார்களே தவிர, சரியான இடத்தை வெளியிடவில்லை. அழகான தேரை என்றால் பிடித்து விற்க ஆள் இருக்கிறதே!