பர்மிங்ஹாம் முதல் படவேடு வரை

வேலூரிலிருந்து போளூருக்குப் போகும் சாலையில் சந்தவாசல் என்று ஓர் ஊர் வரும். அங்கே இறங்கி மேற்கே திரும்பினால் படவேடு. ரேணுகாம்பாளைத் தரிசிக்க ஆடி மாதத்தில் போய் வந்தவர்களுக்கு அந்த வழி நன்றாக நினைவிருக்கும். இரு பக்கமும் வாழைத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால், ஊரை அணைத்துக்கொண்டு நிற்கும் ஜவ்வாது மலை. ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரமாக விளங்கிய இடம் இது. இப்போது அமைதியான கிராமம்.

இந்த ஊரில் தரை சமமானது. சைக்கிளுக்கு என்றே செய்து வைத்த பூமி போல் இருக்கும். வாழைத்தாரைக் கேரியரில் கட்டிக்கொண்டும், பின்னால் மனைவியையும் முன்னால் பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டும் ஒருவர் ஜம்மென்று போகலாம். ஆனால் மலையடிவாரம் வந்துவிட்டதோ, இறங்கித் தள்ளவேண்டியதுதான்! எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் சரி; அவருடைய சைக்கிளின் பெயரே “ஹெர்குலிஸ்” என்று இருந்தாலும் சரி!

ஏன் இப்படி? அந்தச் சைக்கிள் எங்கே பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் காரணம் விளங்கிவிடும். நம் வீட்டுப் பெண்களுக்கும் அந்தக் கதையில் பெரிய பங்கு இருக்கிறது.

சீமையிலிருந்து வந்த பலசாலி

இன்று நாம் காணும் சைக்கிளின் மூதாதை 1885-ல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் தோன்றியது. ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்து, சங்கிலியால் பின் சக்கரத்தைச் சுழற்றும் “ரோவர்” வண்டியைச் செய்தார். அதற்கு முன் இருந்த வண்டியில் முன் சக்கரம் ஆள் உயரம் இருக்கும். அதன்மேல் ஏறுவதே ஒரு சர்க்கஸ் வித்தை. மூன்று வருஷம் கழித்து, 1888-ல், பெல்ஃபாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி தடதடவென்று ஆடுவதைப் பார்த்துக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஒரு தகப்பனாரின் வாத்ஸல்யத்தால் உலகத்துக்கே சௌகரியம் பிறந்தது!

1910-ல் பர்மிங்ஹாம் நகரில் எட்மண்ட் கிரேன், ஹாரி கிரேன் என்ற சகோதரர்கள் “ஹெர்குலிஸ்” கம்பெனியை ஆரம்பித்தார்கள். கிரேக்கர்களின் புராணத்தில் வரும் ஹெர்குலிஸ் நம் பீமசேனனைப் போன்றவன். அந்தப் பெயர் வண்டிக்குப் பொருத்தமாகவே அமைந்தது. கனமான எஃகுச் சட்டம், பெரிய சக்கரங்கள், கம்பியால் இழுக்கும் பிரேக்கு, மூட்டையைத் தாங்கும் கேரியர். பணக்காரர்களின் விளையாட்டுச் சாமானாக இருந்த சைக்கிளைத் தொழிலாளியும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்ததுதான் கிரேன் சகோதரர்களின் சாதனை. 1930-களில் ஹெர்குலிஸ் உலகத்திலேயே மிகப் பெரிய சைக்கிள் கம்பெனிகளில் ஒன்றாக விளங்கிற்று. கப்பல் கப்பலாகப் பல தேசங்களுக்கும் போயிற்று. ராலே, பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் முதலிய வண்டிகளுடன் சென்னைத் துறைமுகத்திலும் வந்து இறங்கியது.

அந்த நாளில் “சீமைச் சைக்கிள்” என்றால் அதற்குத் தனி மரியாதை. கல்யாணச் சீரில் மாப்பிள்ளைக்கு அது ஒரு முக்கிய அயிட்டம். ராத்திரியில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். வருஷா வருஷம் லைசென்ஸ் வில்லை வாங்க வேண்டும். சொந்த வண்டி வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் தோன்றின. கால் எட்டாத சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் “குரங்குப் பெடல்” போட்டுப் பழகினார்கள். பெண்கள்? அவர்கள் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து போனார்கள்!

நாலடி பதினொரு அங்குலம்

ஆனால் ஹெர்குலிஸ் கம்பெனிக்குப் பெரும் கீர்த்தியைத் தேடித் தந்தவர்களில் இரண்டு பெண்மணிகள் உண்டு. இங்கிலாந்தின் தென்கோடியிலுள்ள லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஜான் ஓ குரோட்ஸ் வரை சுமார் 1,400 கிலோமீட்டர். 1939-ல் மார்கரீட் வில்ஸன் என்ற இளம்பெண் ஹெர்குலிஸ் வண்டியில் இந்தத் தூரத்தை மூன்று நாளைக்கும் குறைவான நேரத்தில் கடந்து பெண்களுக்கான சாதனையை ஏற்படுத்தினார்.

அதைவிடக் குறைந்த நேரத்தில் கடந்தவர் ஐலீன் ஷெரிடன். ஸ்டார்லியின் அதே கவென்ட்ரி நகரத்துப் பெண். உயரம் நாலடி பதினொரு அங்குலம்தான். கையில் ஒரு பிள்ளையும் இருந்தது. ஹெர்குலிஸ் கம்பெனி அவரைத் தன் வண்டியை ஓட்டுவதற்காகச் சம்பளத்துக்கு அமர்த்தியது. 1954 ஜூலையில், இரவும் பகலும் மிதித்து, கைகளெல்லாம் கொப்புளித்துப்போன நிலையில், அந்தத் தூரத்தை 2 நாள் 11 மணி 7 நிமிஷத்தில் முடித்தார்! அத்துடன் நிற்கவில்லை; சற்று இளைப்பாறிவிட்டு ஆயிரம் மைலைப் பூர்த்தி செய்யத் திரும்பவும் வண்டி ஏறினார். 3 நாள் 1 மணி நேரத்தில் முடித்த அந்த ஆயிரம் மைல் சாதனை 2002 வரையில் அசைக்கப்படவில்லை. தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்து 2023-ல்தான் அவர் காலமானார். “பொம்பளைக்கு எதுக்குச் சைக்கிள்?” என்று கேட்கிறவர்களுக்கு இந்த அம்மாளின் சரித்திரம் ஒன்றே போதும்!

அம்பத்தூரில் மறுபிறப்பு

சுதந்திரத்துக்குப் பிறகு காலம் மாறியது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதைக் குறைத்து இங்கேயே செய்ய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1946-ல் ஹெர்குலிஸை வாங்கியிருந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி, நம் ஊர் முருகப்பா குழுமத்தாருடன் சேர்ந்து, 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை நிறுவியது. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் தொழிற்சாலை எழும்பியது. 1951-ல் முதல் ஹெர்குலிஸ் சைக்கிள் அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.யும் அங்கேயே தயாராயின. ஆசன்ஸாலில் சென்-ராலே, ஸோனேபட்டில் அட்லஸ், 1956 முதல் லூதியானாவில் ஹீரோ என்று மற்றவர்களும் வந்தார்கள்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1960-ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் ராலேயும் இணைந்த பிறகு, இங்கிலாந்தில் ஹெர்குலிஸின் பெயர் மெல்ல மெல்ல மங்கிவிட்டது. அம்பத்தூரிலோ அது ஓங்கி வளர்ந்தது! பிறந்த வீட்டில் மறந்துவிட்டார்கள். புகுந்த வீட்டில் கொண்டாடினார்கள். சீமை வண்டி நம் வண்டியானது எப்போது தெரியுமா? தொழிற்சாலை திறந்த அன்று மட்டும் அல்ல. சந்தவாசல் போன்ற ஊர்களிலும் ஒரு பங்க்சர் கடை ஏற்பட்டு, எந்த உதிரிச் சாமானும் அங்கேயே கிடைக்கும், ஒடிந்த எஃகுச் சட்டத்தையும் பற்றவைத்துவிடலாம் என்ற நிலைமை வந்தபோதுதான்.

மலைக்கென்று ஒரு சைக்கிள்

சரி, மலை ஏறும் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே டாமல்பாய்ஸ் என்று ஒரு மலை இருக்கிறது. 1970-களில் அங்கே சில வாலிபர்கள், 1930, 40-களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைச் சல்லிசான விலைக்கு வாங்கினார்கள். தடித்த டயர் போட்ட, நம் ஹெர்குலிஸைப் போல் கனமான வண்டிகள். அவற்றை மலையுச்சிக்குக் கொண்டுபோய் மண் பாதையில் தலைதெறிக்க இறங்குவது அவர்கள் பொழுதுபோக்கு. 1976 அக்டோபர் 21-ல் பந்தயமே வைத்தார்கள். கீழே வருவதற்குள் பின் சக்கரத்துப் பிரேக்கிலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். ஆகையால் பாதைக்கே “ரீபேக்” என்று பெயர் வந்துவிட்டது. இந்தக் கூட்டத்திலும் வெண்டி கிராக் என்ற பெண்மணி ஒருவர் இருந்தார். அவரும் வண்டி ஓட்டினார். அந்நாளைய நிகழ்ச்சிகள் நமக்குத் தெரிவதற்கு அவர் எடுத்த புகைப்படங்களே பெரும் உதவி.

இறங்குவது சுலபம், ஏறுவது? கேரி ஃபிஷர் முதலானோர் பழைய வண்டியில் பல பல்சக்கரங்களைப் பொருத்தி, சங்கிலியை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் கியரை வைத்தார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிய சட்டம் ஒன்றைச் செய்தார். 1979-ல் ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்து கொடுத்த சட்டங்களைக் கொண்டு “மவுண்டன் பைக்ஸ்” என்ற கடையை நடத்தினார்கள். 1981-ல் மைக் சின்யார்டின் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி “ஸ்டம்ப்ஜம்பர்” என்ற வண்டியைக் கொண்டுவந்தது. பெரிய அளவில் தயாராகி விற்ற முதல் மலைச் சைக்கிள் என்று பெயர் பெற்றது அதுதான். 15 கியர், விலை 750 டாலர். வேடிக்கை என்னவென்றால், அதன் சட்டங்கள் செய்யப்பட்டது ஜப்பானில்! நமக்கு ஹெர்குலிஸ் சீமையிலிருந்து வந்ததைப் போல, அமெரிக்கர்களுக்கும் அது கப்பலில் வந்த வண்டிதான். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் இடம் பெற்றுவிட்டது.

கியரின் தத்துவம் பெரிய வித்தை இல்லை. கிணற்றில் ஒரே இழுப்பில் ஓர் அண்டா தண்ணீரைத் தூக்குவது கஷ்டம். சின்னக் குடத்தால் மூன்று தடவை இறைப்பது சுலபம். அவ்வளவுதான்! சாதாரண சைக்கிளில் பெடல் பக்கத்துச் சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். சமவெளிக்கு அது ஜோர். மலைச் சைக்கிளில் முன்னாலும் பின்னாலும் 28 பல் வரும்படி மாற்றிக்கொண்டால், ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நகரும். வேகம் குறையும், ஆனால் முழங்கால் பிழைக்கும், மேடும் ஏறும்.

நம் பெண்களும் நம் மலையும்

1990-களில் ஹெர்குலிஸ் பெயரிலேயே “எம்.டி.பி.” வண்டிகள் நம் கடைகளுக்கு வந்தன. 2005-க்குப் பிறகு வெளிநாட்டு மலைச் சைக்கிள்களும் வரத் தொடங்கின. நகரத்துப் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தடித்த டயரும் ஸ்பிரிங்கும் மட்டும் இருந்து, கியர் இல்லாவிட்டால் அது மலைச் சைக்கிள் அல்ல. மலைச் சைக்கிள் வேஷம்! மாடவீதியில் பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குக் கனம் குறைந்த, மெல்லிய டயர் போட்ட வண்டியே உகந்தது. உட்கார்ந்தபடி கால் விரல்கள் தரையைத் தொட வேண்டும். பாவாடையோ துப்பட்டாவோ சிக்காதபடி சங்கிலிக்கு மூடி இருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் அதை ரிப்பேர் செய்ய முடிய வேண்டும்.

தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சைக்கிள் செய்த உபகாரத்துக்குப் புதுக்கோட்டையே சாட்சி. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்துடன் சைக்கிளையும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போய் ஆண்களின் சைக்கிளையே வாங்கினார்கள். “பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே!” என்பது சிலர் சொன்ன நியாயம். பின்னர் 2001-ம் ஆண்டு வாக்கில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசாங்கம் இலவசச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. 2005-06-லிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும் அது கிடைத்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலைந்து மைல் என்றால், வயது வந்த பெண்ணின் படிப்பு அத்துடன் நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. சைக்கிள் அந்தத் தூரத்தைச் சுருக்கியது.

ஆனால் அந்த வண்டி ஒற்றைப் பல்சக்கரம் உள்ள சமவெளி வண்டி. படவேட்டுப் பெண் அதில் சந்தவாசல் வரை சந்தோஷமாகப் போய் வருவாள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையிலுள்ள மலைவாழ் குடும்பத்துப் பெண்ணுக்கு அதே வண்டி, ஏற்றத்தில் தள்ள வேண்டிய பாரம், இறக்கத்தில் பயம். ஜவ்வாது மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன; அங்கே தங்கிப் பல குழந்தைகள் படிக்கிறார்கள். ஆயினும் தாயாரின் பக்கத்தில் இருந்துகொண்டே பள்ளிக்குப் போய்வர வேண்டும் என்று ஆசைப்படும் பெண்ணும் இருப்பாள் அல்லவா? கியர் வைத்த வண்டியை விளையாட்டுப் பொருளாக நகரத்தில் விற்கிறோம். அது அவசியமான இடமோ மலைச்சரிவு.

ஹெர்குலிஸ் பர்மிங்ஹாமிலிருந்து கடல் கடந்து அம்பத்தூருக்கு வந்தான். அங்கிருந்து படவேட்டின் வாழைத் தோட்டம் வரை வந்துவிட்டான். இனி அடிவாரத்திலிருந்து மேலே போகவேண்டிய தூரம்தான் பாக்கி. அதற்குப் புராண பலம் ஒன்றும் வேண்டாம். பின் சக்கரத்தில் இன்னும் சில பற்களும், கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம் மனமும் இருந்தால் போதும்!