நீரை உண்ணும் உமியும் நம் பசியும்

வட குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்திலுள்ள ஊஞ்சா, சீரகச் சந்தைக்காக நாடெங்கும் அறியப்பட்ட ஊர். அதே சந்தையில் பெருமளவில் கைமாறும் மற்றொரு விளைபொருள் இசப்கோல். உலகச் சந்தைக்கு வரும் இசப்கோலில் பெரும்பகுதி இந்தியாவில் விளைவதே. குஜராத்தும் ராஜஸ்தானும் அதன் முதன்மை விளைநிலங்கள். நவம்பரில் விதைத்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை செய்கின்றனர். கதிர் முற்றிய வேளையில் ஒரு மழை பெய்தால் போதும். விதைகள் உதிர்ந்துவிடும், ஈரம் பட்ட உமி கொழகொழத்துப்போகும். ஒரு பருவத்தின் உழைப்பு மண்ணில் கிடக்கும். பயிர்க்கடன் கோப்புகளைக் கையாளும் நமக்கு, அம்மாதங்களின் வானிலை அறிக்கை வட்டி விகிதத்திற்கு இணையான செய்தியாகும்.

உழவரை அஞ்ச வைக்கும் அந்த இயல்பைத்தான் மருந்துக்கடையில் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். விதையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிய உமி, தன் எடையைப்போல் பல மடங்கு நீரை ஈர்த்துக் கூழாகிறது. மலச்சிக்கலுக்கான வீட்டு மருந்தாக மட்டுமே இதனை அறிந்திருந்தோம். பசியோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

நார்ச்சத்து என்பது நம் செரிமான நீர்களால் சிதைக்க இயலாத தாவரப் பகுதி. நீரை ஈர்த்துக் கூழாகும் வகை, இரைப்பையில் இடத்தை அடைத்து அதன் சுவரை விரியச் செய்கிறது. அவ்விரிவு நரம்புகளின் வழியே மூளையை எட்டும்போது ‘போதும்’ என்னும் உணர்வு எழுகிறது. கூழின் அடர்த்தியால் உணவு சிறுகுடலுக்குள் மெல்லவே இறங்குகிறது. சர்க்கரையும் மெல்லவே இரத்தத்தில் கலக்கிறது. எஞ்சியதைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்கின்றன. இசப்கோல் மட்டும் பெரும்பாலும் நொதிக்காமலே வெளியேறிவிடும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, மெல்லுதல் என்ற ஒன்று உண்டு. அதனை நாம் மறந்துவிடுகிறோம்.

1977-ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில், பிரிட்டனின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். 10 பேருக்கு ஆப்பிளை முழுப் பழமாகவும், மசித்த கூழாகவும், சாறாகவும் வெவ்வேறு நேரங்களில் அளித்தனர். மாவுச்சத்தின் அளவு மூன்றிலும் ஒன்றே. முழுப் பழத்தைத் தின்ன ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கே சாற்றைப் பருகத் தேவைப்பட்டது. ஒரே வேகத்தில் உட்கொள்ளச் செய்தபோதும், சாற்றைவிடக் கூழும், கூழைவிடப் பழமும் வயிற்றுக்கு நிறைவளித்தன. சாறு பருகியபின் இரத்தச் சர்க்கரை ஏறிய வேகத்தில் சரிந்தது; முழுப் பழத்தில் அச்சரிவு காணப்படவில்லை. மசித்த கூழிலிருந்து நார் அகற்றப்படவில்லை, அதன் கட்டமைப்பு மட்டுமே குலைந்திருந்தது என்பது நம் கவனத்திற்குரியது.

ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் மார்ச் இரவுகளில் நம் கிளையில் தேநீரோடு ‘நார்ச்சத்து மிக்கது’ என்று அச்சிட்ட பிஸ்கட்டுகள் வலம் வரும். மூன்று தின்று அரைமணி நேரம் கழியுமுன் கை மீண்டும் பொட்டலத்தை நாடும். நம் மனவுறுதியின் குறை என்றே எண்ணியிருந்தோம். ஆனால் 2013-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 44 ஆய்வறிக்கைகளை ஆராய்ந்தது. அவற்றில் சோதிக்கப்பட்ட நார்ச்சத்து வகைகளுள் பசியுணர்வைக் குறைத்தவை 39 விழுக்காடு மட்டுமே. உண்ணும் அளவைக் குறைத்தவை அதனினும் குறைவு. நார் என்ற பெயர் இருப்பதாலேயே பசி அடங்கிவிடாது. அது நீரை ஈர்க்கிறதா, கூழாகிறதா, மெல்ல வைக்கிறதா என்பவற்றைப் பொறுத்தே பயன் அமைகிறது.

இசப்கோல் இவ்வகையில் தேறுகிறது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காலை, நண்பகல் உணவுகளுக்கு முன் இதனை உட்கொண்டவர்களுக்கு இடைவேளைப் பசி குறைந்திருந்தது. 6.8 கிராம் அளவில் பயன் சீராக இருந்தது. ஆய்வாளர்களுள் இப்பொருளை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர் என்பதைச் சொல்லியாக வேண்டும். கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்தால் வங்கியில் ஏற்கமாட்டோம். இங்கும் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்கலாம்.

உமியை நாடுமுன் தட்டைப் பார்ப்பதே முறை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் முழுக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம் நார்ச்சத்து உள்ளது. கம்பில் சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியிலும் மைதாவிலும் 3 கிராமுக்கும் குறைவு. வயது வந்தோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் உணவில் இயல்பாகவே அமைந்த நாராக இருத்தல் வேண்டும். இசப்கோல் விளைவிக்கும் வட குஜராத்தில் கம்பு ரொட்டி வழிவழியாக வந்த உணவு. அதனை விரைவாக விழுங்க முடியாது; மென்றே ஆக வேண்டும்.

உமியை உட்கொள்வோர் ஒன்றைக் கருத்தில் கொள்க. ஒரு முழுக் குவளை நீரில் கலந்து உடனே பருகிவிட வேண்டும். நீர் போதாவிடில் அது தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளக் கூடும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. அளவைச் சில வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்தினால் வயிற்று உப்புசம் குறையும். வேறு மருந்துகள் உட்கொள்வோர், குறிப்பாக நீரிழிவு மாத்திரை எடுப்போர், இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.